எங்கள் அண்ணா லண்டனில் வாழவில்லை

அண்ணாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து, எங்களோடு இருந்து உணவருந்தி, புறப்படும் வேளையில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்றும் உங்களுக்கு ஒரு மலர் தந்தோம். குத்துவிளக்கும் கோட்டுப் போட்ட அண்ணாவும் உள்ள அட்டை, வழவழப்பான தாள். நன்றாக வந்திருக்கிறது என்று பலர் பாராட்டினீர்கள். அந்த மலரின் முதற் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

‘யாழ். சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி கெல்சென்கிர்ச்சனையும் லண்டனையும் வதிவிடமாகவும் கொண்டவர்’ என்று அதில் அச்சிட்டிருந்தோம். சுன்னாகம் சரி. கெல்சென்கிர்ச்சன் சரி. லண்டன் சரியில்லை. அண்ணா லண்டனில் இருந்தது ஒரேயொரு குளிர்காலம், அதுவும் அண்ணியின் தம்பி வீட்டு மேல்மாடி அறையில். அதன் பிறகு கண்மூடும்வரை அவர் வாழ்ந்தது கான்வி என்னும் தீவில். தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் இடத்தில், இங்கிலாந்தின் கரையை ஒட்டினாற்போல் கிடக்கும் சிறிய தீவு அது. நடுவில் ஓடுகிற கடற்கழியைப் பாலத்தால் கடக்கலாம்.

அச்சகத்தின் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தச் சொல் அக்காவின் சமையலறை மேசையில் வைத்து முடிவானது. அக்கா எங்களுக்கு மூத்தவர்; அண்ணா நடு; நான் கடைசி. அத்தான் கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். ‘கான்வித் தீவு’ என்று அவர் எழுதியதை அக்கா எட்டிப் பார்த்தார்.

“இதென்ன தீவெண்டு போடுறியள்? சனம் நாங்கள் தீவார் எண்டெல்லோ நினைக்கப்போகுது. என்ரை பொடியனுக்குக் கலியாணம் பேசிற நேரம்.”

“அது இங்கிலாந்திலை இருக்கிற தீவப்பா,” என்றார் அத்தான்.

“எங்கை இருந்தாலும் தீவு தீவுதான். லண்டன் எண்டு போடுங்கோ. இங்கிலாந்திலை இருக்கிற எல்லாரும் அப்பிடித்தானே போடுகினம்.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து ஊற்றினேன்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் உள்ள தீவுகளின் மக்களை, குடாநாட்டின் நடுவில் இருந்த நாங்கள் ‘தீவார்’ என்று உதட்டைச் சுழித்துச் சொல்லியே வளர்ந்தோம். அவர்கள் கொழும்பில் கடை வைத்து எங்களைவிட நன்றாகவே வாழ்ந்தார்கள். அவர்களுடைய கடையில் வாங்குவோம், அவர்களோடு படிப்போம், சம்பந்தம் என்ற பேச்சு வந்தால் மட்டும் வாயைக் கோணுவோம். ஏனென்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. இந்த மலரை வாங்கியிருப்பவர்களில் வேலணையும் புங்குடுதீவும் நயினாதீவும் ஊராகக் கொண்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சாவுக்கு முதலில் ஓடிவந்தவர்களும் நீங்கள்தான். உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் எழுத வேண்டியிருக்கிறது.

இனி அண்ணாவின் வாழ்க்கையை, முன்பு எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அண்ணா எண்பதுகளின் நடுவில், ஊரில் இளைஞர்கள் இருக்க முடியாத காலத்தில், கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்கே கடந்து ஜெர்மனிக்குள் வந்தவர். அகதி முகாமிலிருந்து கெல்சென்கிர்ச்சனுக்கு அனுப்பப்பட்டார். பகலில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலை, மாலையில் ஓர் உணவகத்தின் கோப்பை கழுவும் அறை என்று உழைத்து அக்காவையும் என்னையும் அழைப்பித்தார். ஜெர்மன் மொழியை எங்களுக்கெல்லாம் முன்னால் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் யாருக்காவது டெர்மின், சந்திப்பு நேரம், குறித்திருந்தால் அண்ணாதான் கூடப் போவார். அந்திராக் என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாதவர்கள் எங்கள் வீட்டு மாடிப்படியில் காத்திருப்பார்கள். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வருகிற கோபத்தையும் சேர்த்து அவரே அடக்கிவைத்திருந்தார் போலும்.

மகள் துளசி ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று அண்ணி விரும்பியதால், ஜெர்மன் குடியுரிமை கிடைத்த பிறகு மூவரும் இங்கிலாந்துக்குப் போனார்கள். நம்மவர்கள் பலர் செய்ததைத்தான் அவரும் செய்தார். லண்டனில் கடை எடுக்க வசதி போதவில்லை. கான்வியில், கடல் மதிலுக்குக் கிட்ட, மூடிக் கிடந்த சிறு கடை ஒன்று கிடைத்தது. பாலும் பத்திரிகையும் சிகரெட்டும் விற்கிற கடை.

ஞாயிறு பின்னேரங்களில் அண்ணா எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். அக்கா யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார். அண்ணாவுக்கோ தீவின் கதை. அந்தத் தீவு, கடல் ஏறும்போதுள்ள நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது என்பார். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்திலிருந்து வந்தவர்கள்தான் அதைச் சுற்றி மதில் எழுப்பிக் கடலை வெளியே நிறுத்தினார்களாம். வேலைக்குக் கூலியாக, மீட்ட நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் பக்கத்துக்குப் போனதாம். அவர்கள் அங்கேயே தங்கி, தங்கள் மொழியில் வழிபட ஒரு சிறிய ஆலயமும் வைத்துக்கொண்டார்களாம். இன்றைக்கும் அங்கே பல தெருக்களுக்கு ஒல்லாந்துப் பெயர்கள். எட்டுப் பக்கமாகக் கட்டி நாணற்கூரை போட்ட அவர்களுடைய வீடுகளில் இரண்டு இன்னும் நிற்கின்றன. அதில் ஒன்றை ஊரார் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

“வந்தேறியள் கட்டின மதிலுக்குள்ளைதான் வெள்ளைக்காரர் இருக்கினம், தங்கச்சி,” என்று சொல்லிச் சிரிப்பார். “கெல்சென்கிர்ச்சனும் உப்பிடித்தானே. கரி கிண்டி நிலம் இறங்கிப்போச்சு. பம்ப் நிண்டால் உன்ரை வீட்டுக்குள்ளையும் தண்ணிதான். நான் ஒரு பள்ளத்திலை இருந்து இன்னொரு பள்ளத்துக்கு வந்திருக்கிறன்.”

ஐம்பத்து மூன்றாம் ஆண்டின் குளிர்காலத்தில் வடகடல் பொங்கி அந்த மதில் உடைந்ததையும், ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், தீவு முழுவதும் வெறுமையாக்கப்பட்டதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். அறிந்தேன் என்று எழுதுகிறேனே தவிர, காதில் விழுந்தது என்பதுதான் சரி. ஒலிபெருக்கியில் அவரைப் போட்டுவிட்டு நான் உடுப்பு மடிப்பேன். அக்கா வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்: “உவனுக்கு மதிலை விட்டால் வேறை கதை இல்லை.”

துளசி வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போனாள். அண்ணி நோயுற்றுக் காலமானார். அக்கா அண்ணாவைத் திரும்பிவரச் சொன்னார். இங்கே கோயில் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம், அங்கே தனியாக என்ன செய்கிறாய் என்று அதட்டினார்.

“ஏலாதக்கா. ஞாயிற்றுக்கிழமையிலை வீடு திறக்க வேணும்.”

“எந்த வீடு?”

“ஒல்லாந்தர் வீடு. வாற ஆக்களுக்குச் சுத்திக் காட்டிறது நான்தான்.”

அக்கா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போனார். உடன்பிறந்தவர்களை விட்டுவிட்டு, செத்துப்போன யாரோ ஒல்லாந்தருடைய வீட்டுக்குக் காவல் இருக்கிறானே என்பது அவருடைய ஆற்றாமை. எங்களில் ஒருவரும் அந்த வீட்டைப் பார்க்க ஒருநாள்கூடப் போகவில்லை. லண்டனில் கலியாணம், சாமத்தியவீடு என்றால் போவோம். அண்ணா மண்டபத்துக்கு வந்து எங்களைப் பார்ப்பார். பிறகு நாங்கள் விமான நிலையத்துக்கு ஓடுவோம். யாராவது அவரிடம், “நீங்கள் லண்டனிலை எந்தப் பக்கம்?” என்று கேட்டால், அக்கா முந்திக்கொண்டு, “கிழக்குப் பக்கம்,” என்பார். அண்ணா வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன ஆண்டு இளவேனிலில் அண்ணாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, நோய் முற்றிவிட்டிருந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது கடைசி நாளுக்கு முதல் நாள். பாலத்துக்கு அப்பால், தீவுக்கு வெளியே இருந்த மருத்துவமனை அது. துளசி மருந்துக்கு ஓடியிருந்தாள். அண்ணா மயக்கத்தில் கிடந்தார். கட்டிலருகே நரைத்த தலையும் நீல மேலங்கியுமாக ஒரு வெள்ளைக்கார மூதாட்டி உட்கார்ந்திருந்தார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். ஆளில்லாத நோயாளிகளோடு வந்து உட்காரும் தொண்டர்களை எங்கள் இல்லத்தில் நாள்தோறும் பார்க்கிறேன். அப்படி ஒருவர் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், “நன்றி, குடும்பம் வந்துவிட்டது, நீங்கள் போகலாம்,” என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். எழுந்தார். போர்வைக்கு மேலாக அண்ணாவின் பாதத்தைத் தொட்டுவிட்டு, வெளியே போனார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது சூடாக இருந்தது.

அவர் பெயர் மார்கரெட் என்பதும், கான்விக்காரர் என்பதும், அண்ணா படுத்த நாளிலிருந்து தீவு மக்கள் முறைவைத்து அந்த நாற்காலியில் இருந்தார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஈமச் சடங்கு லண்டனில் நடந்தது. தீவில் வைத்தால் சனம் வராது என்றார் அக்கா. தகனசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. ஊர்ச் சங்கத் தலைவர் பேசினார், பழைய மாணவர் சங்கத்தார் பேசினார்கள், அண்ணாவை ஒரேயொரு கலியாண வீட்டில் கண்ட ஒருவரும் பேசினார். பின்வரிசைச் சுவரோடு கறுப்பு உடுப்பில் இருபது வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். அநேகமாக எல்லோரும் வயோதிபர்கள்.

“ஆர் உந்த வெள்ளையள்?” என்று அக்கா கேட்டார்.

“கடைக்குச் சாமான் வாங்க வாறவையாக்கும்,” என்றேன் நான்.

அவர்களில் ஒருவர் அத்தானிடம் வந்து இரண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்டாராம். அட்டவணை நிரம்பிவிட்டது, நேரமில்லை என்று அத்தான் பண்பாகச் சொல்லி அனுப்பினார். கேட்டவர் மார்கரெட்.

அந்தியேட்டி முடிந்து சில வாரங்களில் துளசி தொலைபேசி எடுத்தாள். “சின்ன மாமி, அந்தியேட்டிக்கு அடிச்ச அப்பாவின்ரை புத்தகத்தைக் கான்விச் சனம் தங்கடை மியூசியத்திலை வைக்க விரும்புகினம். ஒரு கூட்டம் வைச்சு, என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லட்டாம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே. நீங்கள் வாங்கோ. நீங்கள் தமிழிலை வாசியுங்கோ, நான் இங்கிலீசிலை சொல்லுறன்.”

அக்கா மகிழ்ந்துபோனார். மலரில் பத்துப் பிரதிகளைத் துணியில் சுற்றித் தந்துவிட்டார். எனக்கும் பெருமைதான். முதற் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது என் நினைவில் இல்லவே இல்லை. ஒரு பொய்யைப் பலமுறை சொன்னால் அது வீட்டுச் சாமான்போல ஆகிவிடுகிறது. அங்கே இருப்பது கண்ணில் படுவதில்லை.

அப்படித்தான் நான் முதன்முதலாகக் கான்விக்குப் போனேன். கூட்டம் ஒரு தேவாலய மண்டபத்தில். பின்வரிசையில் நின்ற அதே முகங்கள் இப்போது முன்வரிசையில் இருந்தன. நடுவில் மார்கரெட். மருத்துவமனையில் நான் எழுப்பி அனுப்பிய பெண் இவர்தான் என்று கண்டுகொண்டேன். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார். கேக்கும் தந்தார்.

நான் மலரை விரித்து முதல் வரியை வாசித்தேன். வாசிக்கும்போதே வரப்போவது தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். ‘லண்டன்’ என்ற இடத்தில் ‘கான்வி’ என்று வாசித்திருந்தால் அந்த மண்டபத்தில் கண்டுபிடிக்க ஒருவருமில்லை. ஆனால் வாய் அச்சில் இருந்ததைச் சொல்லிவிட்டது. துளசி என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே தவிர, கேட்டால் நன்றாக விளங்கும். தகப்பன் எங்கே வாழ்ந்தார் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதுமில்லை. பிறகு உள்ளதை உள்ளபடியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

மண்டபத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. முதலில் பேசியவர் மார்கரெட். துளசி எனக்குத் தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவ சொல்லுறா, தாங்களும் அப்பிடித்தானாம். வெளிநாட்டுக்குப் போனால் கான்வி எண்டால் ஒருத்தருக்கும் விளங்காதாம். லண்டனுக்குக் கிட்ட எண்டு சொல்லிப்போட்டு விடுறதாம். நீங்களும் அதுக்காகத்தானே போட்டனியள் எண்டு கேக்கிறா.”

எவ்வளவு வசதியான கதவு. ‘ஓம்’ என்ற ஒரு சொல் போதும், அதற்குள்ளால் நான் வெளியே போய்விடலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள், நானும் சிரித்திருப்பேன். அந்தப் பெண்ணை ஒருமுறை ஏற்கெனவே எழுப்பி அனுப்பியவள் நான். இன்னொரு முறை என்னால் முடியவில்லை.

“இல்லை எண்டு சொல்லு பிள்ளை,” என்றேன். “எங்கடை ஊரிலை தீவுச்சனத்தை ஒரு மாதிரித்தான் பாக்கிறது. தீவெண்டு போட எங்களுக்கு வெக்கமாயிருந்தது. அதுதான் போடேல்லை எண்டு சொல்லு.”

துளசியின் கண் நிறைந்துவிட்டது. சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மார்கரெட் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு சப்பாத்தைக் கழற்றித் தன் காலை நீட்டிக் காட்டினார். அக்கரையில் உள்ளவர்கள் கான்விக்காரருக்கு வாத்துக்குப்போல விரல்களுக்கிடையில் தோல் இருக்கிறது என்று கேலி செய்வார்களாம். “நன்றாகப் பார்த்துக்கொள்,” என்றாராம். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சடங்கன்று சொல்ல இருந்ததை இப்போது சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

வெள்ளத்தின் நினைவுநாளில் தீவு மக்கள் ஆண்டுதோறும் கூடி, மாண்டவர்களின் பெயர்களை உரக்க வாசிப்பது வழக்கம். அண்ணா கடையைப் பூட்டிவிட்டுப் போய் நாற்காலி அடுக்குவாராம். வழமையாக வாசிப்பவர் ஓர் ஆண்டு நோயுற்றபோது, அந்த வேலை அண்ணாவிடம் வந்தது. பிறகு அவரிடமே நின்றுவிட்டது. பட்டியலில் மார்கரெட்டின் தம்பியின் பெயரும் உண்டு. மதில் உடைந்தபோது அவன் கைக்குழந்தை.

“எல்லாரும் தன்ரை தம்பியின்ரை பேரை மற்றப் பேருகளோடை சேத்து வாசிச்சுக்கொண்டு போவினமாம்,” என்று துளசி சொன்னாள். “அப்பா மட்டும் வருசா வருசம் முதல் நாளே வந்து, ‘சரியாச் சொல்லுறனோ’ எண்டு கேட்டு, சொல்லிக் காட்டிப்போட்டுப் போவாராம். அவ்வளவுதான் அண்டைக்குச் சொல்ல இருந்தவவாம்.”

இரண்டு வார்த்தைதான் கேட்டிருந்தார். சரியாக அவ்வளவுதான் இருந்தது. அதற்குத்தான் எங்களிடம் நேரம் இருக்கவில்லை.

புறப்படும்போது, அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பான பெரியவரிடம் மலரைத் திருப்பிக் கேட்டேன். திருத்தி அச்சடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் மறுத்துவிட்டார். கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றார். பிழை என்றால் பிழையும் இருக்கட்டும், சரியானதைக் கொண்டுவாருங்கள், பக்கத்தில் வைக்கிறோம் என்றார். எட்டுப் பக்க வீட்டின் கண்ணாடிப் பெட்டியில், பழைய மண்வெட்டிக்கும் வெள்ளத்தில் தப்பிய ஒரு கோப்பைக்கும் நடுவில், எங்கள் லண்டன் மலர் இன்றும் இருக்கிறது. போகிறவர்கள் பார்க்கலாம்.

கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து, ஆண்டுத் திவச மலரில் உண்மையை எழுத வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். குடும்பத்தின் பெயரில் வரும் மலர். அக்கா சம்மதிக்காமல் அது வராது. பெரிய மாமியைப் பகைத்துக்கொண்டு ஒன்றும் வேண்டாம் என்று துளசியும் சொல்லிவிட்டாள்.

“எங்கடை குறையை நாங்களே அச்சடிச்சுக் குடுக்கிறதே? பைத்தியமே உனக்கு?” என்றார் அக்கா. “செத்தவன் வந்து கேக்கப்போறானே?”

குளிர்காலம் முழுவதும் நாங்கள் இருவரும் உப்பு, புளி பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம்.

இந்த ஆண்டு இளவேனிலில் அண்ணாவின் வாடகை வீட்டைத் துளசி திருப்பி ஒப்படைக்க வேண்டிவந்தது. சாமான்களை ஒதுக்க ஆள் வேண்டும். தம்பியின் உடுப்பை வேறு யாரும் தொடக்கூடாது என்று அக்காவும் புறப்பட்டார். பாலத்தைக் கடந்ததும் துளசி காரை நிறுத்தி எங்களை மதிலில் ஏற்றினாள். ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்து நின்றது. மறுபக்கம், அதைவிடத் தாழ்வில், வீடுகளும் தெருக்களும். அக்கா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்குள்ளையே இவன் இருந்தவன்?” என்றார்.

வீட்டில் இரண்டு அறைகள். அண்ணாவின் அறையைத் துளசி மாற்றாமல் அப்படியே வைத்திருந்தாள். மற்ற அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், மெத்தைகளில் கடைப் பொலித்தீன்கூடப் பிரிக்கப்படாமல். இரண்டு புதிய துவாய்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. துளசி மான்செஸ்டரிலிருந்து வரும்போது கூடத்துச் சோபாவில்தான் படுப்பாளாம். ஒதுக்க உதவிக்கு வந்திருந்த மார்கரெட்டிடம், இந்தக் கட்டில்கள் யாருக்கு என்று அக்கா கேட்கச் சொன்னார். துளசி கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு, மடித்திருந்த துவாயை எடுத்து மறுபடி மடித்தாள்.

“சொல்லு பிள்ளை,” என்றார் அக்கா.

“உங்கள் ரெண்டு பேருக்கும், பெரிய மாமி. ஜெர்மனியிலை இருந்து சகோதரிமார் வாற கோடைக்கு வருகினம் எண்டு அப்பா ஒவ்வொரு வருசமும் எல்லாருக்கும் சொல்லுவாராம்.”

“நாங்கள் வாறமெண்டு சொன்னதே இல்லையே.”

துளசி அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். மார்கரெட் துவாய்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“அது தங்களுக்குத் தெரியுமாம், மாமி. ரெண்டு மூண்டு வருசத்திலை விளங்கிட்டுதாம். எண்டாலும் அப்பா சொல்லேக்கை, ‘எந்த மாசம்?’ எண்டு கேப்பினமாம். அப்பிடிக் கேட்டால் அவருக்குச் சந்தோசமாம்.”

நாங்கள் அண்ணாவின் தீவைச் சொல்ல வெட்கப்பட்டு லண்டன் என்று பொய் சொன்னோம். அண்ணா, நாங்கள் வருவதில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வருகிறார்கள் என்று பொய் சொன்னார். அவருடைய பொய்யில் எங்களுக்குக் கட்டிலும் துவாயும் இருந்தன. எங்களுடைய பொய்யில் அவருக்கு ஒன்றுமில்லை.

அன்றிரவு துளசி பொலித்தீனைப் பிரித்துப் படுக்கை விரித்தாள். அக்கா படுக்க மறுத்துவிட்டார். “இது வாறவைக்கு வாங்கினது,” என்று சொல்லி, தன் மேலங்கியை விரித்துக் கீழே படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

“எழுது. நான் சொல்லித்தான் லண்டன் எண்டு போட்டது எண்டு எழுது. நாங்கள் ஒருத்தரும் ஒருநாளும் போகேல்லை எண்டதையும் எழுது. என்ரை பொடியனைப் பாக்க வாறவை அதையும் வாசிச்சுப்போட்டு வரட்டும்.”

எழுதிவிட்டேன்.

அண்ணாவின் இறுதி நாட்களில் வைத்தியம் பார்த்தவர்களுக்கும், செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், சடங்குகளை முறைப்படி நடத்தித் தந்த ஐயாமாருக்கும், அந்தியேட்டியிலும் இன்றும் சமைத்துப் பரிமாறியவர்களுக்கும், தகப்பனைக் கடைசிவரை தாங்கிய துளசிக்கும் எங்கள் நன்றி. தீவுகளை ஊராகக் கொண்ட உறவுகளே, உங்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறோம்.

கான்வித் தீவு மக்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதைத் துளசி அவர்களுக்குச் சொல்லுவாள். அண்ணாவின் கட்டிலருகே முறைவைத்து இருந்ததற்கு நன்றி. தகனசாலையில் பின்வரிசையில் நின்றதற்கு நன்றி. எங்கள் அண்ணா, சகோதரிமார் வருகிறார்கள் என்று சொன்ன ஒவ்வொரு முறையும், வரமாட்டார்கள் என்று தெரிந்தும், எந்த மாதம் என்று கேட்டீர்களே, அதற்கு நன்றி.

அண்ணாவின் அக்காவும் தங்கையும்,
கெல்சென்கிர்ச்சன்.